ரோமுக்குப் பிறகு ஐந்து இரவு: பியமோந்தே திராட்சைக் குன்றுகளுக்கு எங்கே தங்குவது?

பார்வதிபுரம் பாலம்:
அக்டோபர் இரண்டாம் வாரம் நாலு பேர் ரோம் திருப்பயணம்: நான், மனைவி, அப்பா, அம்மா. அது முடிந்ததும் ஐந்து இரவு கையில் இருக்கு. வடக்கே இத்தாலியின் பியமோந்தே மாநிலம் போய் துரின் நகரம், பரோலோ ஒயின் ஊர்கள் பார்க்க நினைப்பு. அப்பா குடிக்க மாட்டார். அம்மா மீன், இறைச்சி தொடமாட்டார், முட்டை உண்டு. துரினில் தங்கிப் போய்வந்தால் போதுமா, ஒயின் ஊர்களுக்குப் பக்கத்தில் உள்ள ஆல்பாவுக்கே போகணுமா? வாடகைக் கார் எடுக்கலாமா (எனக்கு லைசென்ஸ் கிடைத்து இரண்டு வருஷம்தான்)? திரும்பும்போது நாகர்கோவிலுக்கு எத்தனை பாட்டில் கொண்டுவரலாம்?

வேளிமலை:
துரினில் இரண்டு இரவு, ஆல்பாவில் மூன்று. ரோமிலிருந்து துரினுக்கு அதிவேக ரயில் நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல். டிக்கெட்டில் துரின் என்று இருக்காது, தொரீனோ என்றுதான் இருக்கும். போர்தா சூசா, போர்தா நுவோவா என்று இரண்டு நிலையம். ஆல்பா போகும் சின்ன ரயில் போர்தா சூசாவில் நின்று போகும், அதனால் அந்தப் பக்கம் அறை எடுங்க. பிரா என்ற ஊர் வழியாக ஆல்பாவுக்கு ஒன்றேகால் மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். காகித டிக்கெட்டாக இருந்தால் ஏறும் முன் நடைமேடைப் பக்கம் உள்ள இயந்திரத்தில் முத்திரை குத்தணும். குத்தாமல் ஏறினால் டிக்கெட் கையில் இருந்தும் அபராதம் உண்டு.

துரினில் தங்கிப் போய்வருவது சரிப்படாது. ரயில் ஆல்பா வரைக்கும்தான் உதவும். அதற்குமேல் பரோலோ 15 கிலோமீட்டர், இன்னொரு ஒயின் ஊரான பார்பரெஸ்கோ சுமார் 10. ஊர்ப் பேருந்து குறைவு, ஞாயிற்றுக்கிழமை நம்பவே முடியாது. கிராமத்தில் கைகாட்டினால் நிற்கும் டாக்சியும் கிடையாது.

கார் வேண்டாம் என்பது என் கருத்து. இத்தாலியில் பொதுவாக ஒரு லிட்டர் ரத்தத்தில் 0.5 கிராம் ஆல்கஹால் வரை அனுமதி. லைசென்ஸ் எடுத்து மூன்று வருஷம் ஆகாதவருக்கு அது பூஜ்யம், ஒரு வாய் ருசி பார்த்தாலும் நீங்கள் ஸ்டியரிங் தொடக்கூடாது. அதோடு வலதுபக்க ஓட்டம், ஆர்டிஓவில் வாங்கும் சர்வதேச அனுமதி, ஊர் நடுவில் வெளிவண்டி நுழையக்கூடாத கேமரா வளையம். அந்த அபராதம் நீங்கள் ஊருக்கு வந்து சில மாதம் கழித்துத்தான் வாடகை நிறுவனம் வழியாக வரும். ஓட்டுநரோடு ஒரே ஒரு முழுநாள் வண்டி பேசுங்க. நாலு பேருக்குப் பங்கிட்டால் கட்டுப்படியாகும்.

அந்த நாளில் இரண்டு தோட்டத்துக்கு மேல் வைக்காதீங்க. காலை 10.30, பிற்பகல் 3. ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம், நாலைந்து ஒயின் ஊற்றுவார்கள். முன்பதிவு இல்லாமல் போனால் கதவு திறக்காது. அக்டோபர் என்றால் நெபியோலோ (பரோலோ, பார்பரெஸ்கோ ஒயினுக்கான திராட்சை) அறுவடை முடியும் நேரம், ஆளெல்லாம் தோட்டத்தில் நிற்பார்கள். இப்போதே மின்னஞ்சல் அனுப்பி, ருசிக் கட்டணம் எவ்வளவு என்றும் எழுதிக் கேட்டுக்கிடுங்க. அறையும் இப்போதே பிடிக்கணும், ஏன்னா அக்டோபரிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை ஆல்பாவில் வெள்ளை ட்ரஃபிள் (மண்ணுக்கடியில் விளையும் வாசனைக் காளான்) சந்தை. சனி, ஞாயிறு நெரிசல் தாங்காது. திங்கள் முதல் வியாழனுக்குள் அங்கே இருங்க.

குளச்சல் கரை:
முன்பதிவே வேண்டாத இடமும் உண்டு. பார்பரெஸ்கோவில் வழிபாடு நின்றுபோன சான் தொனாத்தோ கோவிலுக்குள்ளேயே வட்டார ஒயின் கடை. பல தோட்டத்துச் சரக்கைக் கிளாஸ் கணக்கில் ருசி பார்க்கலாம். (நம்ம ஊரில் இப்படி ஒன்று நடந்தால் பங்குப் பேரவை என்ன பாடுபடும்!) பரோலோ கோட்டைக்குள்ளும் இதே மாதிரிக் கடை, கூடவே ஒயின் அருங்காட்சியகம்.

சாப்பாடு பற்றி ஒரு எச்சரிக்கை. கடலே இல்லாத மாநிலம் என்று நினைத்து அம்மாவுக்கு 'பான்யா காவ்தா' சொல்லிவிடாதீங்க. பூண்டு, எண்ணெயோடு அதில் கரைவது உப்பிட்ட நெத்திலி. தெற்கே லிகூரியக் கடற்கரையிலிருந்து பழைய உப்பு வணிகப் பாதை வழியாகக் கழுதை மேல் மலையேறிய சரக்கு அது. நம்ம நெத்திலிக் கருவாடு வெயிலில் காயும், அவர்களுடையது உப்பில் ஊறும், அவ்வளவுதான் வித்தியாசம். குடைமிளகாய் மேல் அதை ஊற்றித் தருவதால் காய்கறிப் பதார்த்தம் என்று ஏமாறுவார்கள். சின்னதாகக் கிள்ளி மடித்த 'ப்ளின்' பாஸ்தாவுக்குள் பெரும்பாலும் இறைச்சி. ரிசோத்தோ என்ற அரிசிச் சாப்பாட்டையும் பல இடத்தில் இறைச்சிச் சாறில்தான் வேகவைப்பார்கள். அம்மாவுக்குப் பொருந்துவது தயரின்: மஞ்சள் கரு நிறையச் சேர்த்து நூலாக நறுக்கின பாஸ்தா. "புர்ரோ எ சால்வியா" என்று கேட்டால் வெண்ணெயும் சேஜ் இலையும் மட்டும் போட்டுத் தருவார்கள். கூடவே "சென்சா கார்னே, சென்சா பெஷே, சென்சா ப்ரோதோ" (இறைச்சி, மீன், சாறு வேண்டாம்) என்று சொல்லிவிடுங்க. அப்பாவுக்கு: 'போனெத்' என்ற கோகோ புட்டிங்கில் ரம் சேர்ப்பது வழக்கம், கேட்டுவிட்டு எடுங்க.

ட்ரஃபிளை மேஜையிலேயே பச்சையாகச் சீவுவார்கள். கிராம் கணக்கில்தான் விலை. சீவும் முன்னும் பின்னும் தராசில் வைக்கச் சொல்வது அங்கே தவறில்லை. ட்ரஃபிள் எண்ணெய் பாட்டில் மட்டும் வாங்கிவராதீங்க, பெரும்பாலும் செயற்கை வாசனைதான்.

கருங்கல் கொல்லாமாவு:
ஒயினைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நெபியோலோ முதல் வாயில் ஏமாற்றும். நிறம் வெளுப்பு, வாசனை ரோஜா மாதிரி. விழுங்கினதும் கொல்லாம்பழம் (முந்திரிப்பழம்) கடித்த மாதிரி நாக்கும் ஈறும் இழுத்துப் பிடிக்கும். கெட்டுப்போச்சு என்று கிளாஸைத் தள்ளிவிடக்கூடாது. தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வரும் துவர்ப்பு அது. அதை ஆற்றத்தான் பரோலோவைக் குறைந்தது 38 மாதம் வைத்திருக்கணும், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில் என்று சட்டமே இருக்கு. பார்பரெஸ்கோவுக்கு 26 மாதம், மரத்தில் 9. வெறும் வாயில் குடிக்காமல் பாலாடைக்கட்டியோ இறைச்சியோ கூட எடுத்தால் துவர்ப்பு அடங்கும்.

ஊருக்கு ஊர் ருசி மாறும். லா மோர்ரா, பரோலோ பக்கம் சுண்ணாம்புக் களிமண், ஒயின் மென்மை. செர்ராலுங்கா, மொன்ஃபோர்த்தே பக்கம் மண் இறுகியது, துவர்ப்பு கூடும். இரண்டு தோட்டம் என்றால் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று பிடித்தால் வித்தியாசம் நாக்கிலேயே தெரியும்.

மனைவிக்குத் துவர்ப்பு பிடிக்காவிட்டால் மொஸ்காத்தோ தாஸ்தி. இனிப்பு, லேசான நுரை, ஆல்கஹால் 5 சதவீதம் பக்கம். நாம் கலயத்தில் சுண்ணாம்பு தடவி அக்கானி (பதநீர்) புளிக்காமல் பார்த்துக்கொள்வதுபோல, அவர்கள் மூடின தொட்டியைக் கடுங்குளிராக்கி, வடிகட்டி, புளிப்பதைப் பாதியில் நிறுத்துகிறார்கள். சர்க்கரை மிஞ்சுவது அதனால்தான். வாங்கினால் ஒரு வருஷத்துக்குள் குடித்துவிடணும்.

பார்வதிபுரம் பாலம்:
ரொம்ப நன்றி அண்ணே. வண்டி இல்லாத மற்ற நாளில் வயதானவர்களை எங்கே கூட்டிப்போகலாம்? பாட்டில் கணக்கும் யாராவது சொல்லுங்க.

வேளிமலை:
துரினில் இரண்டு இரவும் அவர்களுக்கே. வால்தோக்கோ பகுதியில் தொன் போஸ்கோ கட்டின சகாய மாதா பேராலயம் (1868), அவர் உடலும் அங்கேதான். அது வேறு, துரின் மறைமாவட்டத் தலைமைக் கோவில் வேறு; அந்தத் தலைமைக் கோவிலில் இயேசுவின் சவச்சீலை என்று போற்றப்படும் துணி இருக்கு, ஆனால் பேழைக்குள் மூடித்தான் இருக்கும். கண்ணால் பார்க்கலாம் என்று சொல்லிக் கூட்டிப்போகாதீங்க. எகிப்திய அருங்காட்சியகம் 1824இல் தொடங்கினது, அதற்கு அரை நாள் வேணும். ஆல்பாவில் தெருவே சமதளம், அப்பா நடக்கலாம். ஃபெர்ரேரோ தொழிற்சாலை அந்த ஊரில்தான். ஹேசல்நட், சாக்லேட் மணம் சில நாள் தெருவரை வரும்.

நீங்களும் மனைவியும் மட்டும் லா மோர்ராவில் இறங்கி, திராட்சை வரிசை வழியே பரோலோவுக்குக் கீழே நடக்கலாம். வழியில் ப்ருனாத்தே சிற்றாலயம், 1999இல் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் தீட்டினது. முந்தின நாள் மழை என்றால் விட்டுவிடுங்க. அந்தக் களிமண் செருப்பில் ஒட்டினால் ஆளுக்கு ஒரு கிலோ கூடும். காலையில் மூடுபனி, இரவில் 10 டிகிரிக்குக் கீழே போகும். நம்ம ஊர் டிசம்பர் சட்டை போதாது.

குளச்சல் கரை:
இந்தியச் சுங்கத்தில் ஆளுக்கு 2 லிட்டர் வரை வரியில்லை. பாட்டில் 750 மில்லி, ஆக ஆளுக்கு இரண்டு. மூன்றாவது வைத்தால் 2.25 ஆகிவிடும். நாலு பேருக்கு எட்டு. கைப்பையில் ஏறாது, பெட்டியில் துணி சுற்றி நடுவில் வையுங்க.

விலையுயர்ந்த பரோலோவைப் பத்து வருஷம் வைக்க வாங்காதீங்க. அதற்கு 12 முதல் 14 டிகிரி மாறாமல் இருக்கணும். நாகர்கோவில் அலமாரியில் ஒரே கோடையில் வெந்துபோகும். பார்பேரா, தோல்செத்தோ என்ற அந்த வட்டார ஒயினில் நாலைந்து எடுத்து, ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டில் படுக்கவைத்து, கிறிஸ்துமஸுக்கே திறந்துவிடுங்க. குடிக்கும் முன் அரை மணி நேரம் வெளியே எடுத்து வைக்கணும்.