பூச்சியை அண்டவிடாத நெல்: ஆன்டிசெனோசிஸுக்கு ஒரு தமிழ்ச் சொல்

அனைவருக்கும் வணக்கம்.

பூச்சியைத் தன்னிடம் தங்கவிடாத பயிரின் பண்பை ஆங்கிலத்தில் 'ஆன்டிசெனோசிஸ்' என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடி மூன்று நாளாக ஓடும் இந்த இழையில் நான்கு சொற்கள் வந்துவிட்டன: விருப்பமின்மை, நாடாமை, விருந்தோம்பாமை, புறவிலக்கம். நான்கையும் வாக்கியத்தில் வைத்துச் சொல்லிப் பார்த்தேன். மனம் ஐந்தாவதாக ஒன்றில் போய் நிற்கிறது: அண்டவிடாமை. ஏன் என்பதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சொல்லுக்கு ஆங்கிலத்திலேயே ஒரு தகராறு நடந்திருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் நம் வேலை பாதி முடிந்துவிடும். அமெரிக்காவின் கான்சாஸில் கோதுமையையும் அதைத் தாக்கும் ஹெசியன் ஈயையும் வைத்து நெடுங்காலம் வேலை செய்த பூச்சியியலாளர் பெயின்டர், 1951-ல் வெளியிட்ட நூலில், பயிரின் பூச்சி எதிர்ப்பை மூன்றாகப் பிரித்தார். பூச்சிக்குப் பயிர் பிடிக்காமல் போவது ஒன்று. பயிரைத் தின்ற பூச்சி நலிவது இரண்டாவது. பூச்சி தின்றும் பயிர் ஈடுகொடுத்து நிற்பது மூன்றாவது. முதலாவதற்கு அவர் வைத்த பெயர் 'நான்பிரிஃபரன்ஸ்'. 27 ஆண்டு கழித்து, 1978-ல், கோகன், ஆர்ட்மன் என்ற இரு பூச்சியியலாளர்கள் அந்தப் பெயர் பொருந்தாது என்றார்கள். மற்ற இரண்டும் பயிரின் குணத்தைச் சொல்கின்றன, இது மட்டும் பூச்சியின் குணத்தைச் சொல்கிறது என்பது அவர்கள் வாதம். பிடிக்கவில்லை என்பது பூச்சியின் நடத்தை, நமக்கு வேண்டியது அப்படி நடக்கவைக்கும் பயிரின் பண்பு. விருந்தாளி, வெளியாள் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லான 'செனோஸ்' என்பதிலிருந்து 'ஆன்டிசெனோசிஸ்' என்ற சொல்லை அவர்கள் ஆக்கியது அதற்காகத்தான்.

விருப்பமின்மை, நாடாமை இரண்டும் இந்த இடத்திலேயே விழுந்துவிடுகின்றன. இரண்டுக்கும் எழுவாய் பூச்சி. 1978-ல் ஆங்கிலம் திருத்திக்கொண்ட பிழையை நாம் இப்போது புதிதாகச் செய்ய வேண்டாம்.

'நாடாமை'யில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நெல்லின் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சி புகையான். நான் ஆறு ஆண்டு புகையான் சோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன். கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். வட்டமாக, ரகத்துக்கு ஒரு தொட்டி என நட்டு, வலைக்கூண்டால் மூடி, நடுவில் புகையான்களை விடுவோம். முதல் ஒரு மணி நேரத்தில் போய்ப் பார்த்தால் எல்லா ரகத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் உட்கார்ந்திருக்கும். புகையானுக்கு எளிதில் இரையாகும் தைச்சுங் நேட்டிவ் 1-லும் இருக்கும், எதிர்ப்புக்குப் பேர்போன பட்டாம்பி 33-லும் இருக்கும். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தண்டோடு தண்டாக ஒட்டிக்கொண்டு, ஊசி வாயைக் குத்திப் பார்க்கும். விரலைக் கொண்டுபோனால் நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்து தண்டுக்குப் பின்னால் மறையும். மறுநாள் காலை கதையே வேறு. தைச்சுங்கில் மொய்த்துக் கிடக்கும், பட்டாம்பியில் தேடித்தான் எண்ண வேண்டும். ஆக, பூச்சி நாடத்தான் செய்கிறது. வந்து, குத்தி, சுவை பார்த்து, அங்கே தங்க முடியாமல்தான் போகிறது. அதனால் நாடாமை என்பது நடப்பதையே தவறாகச் சொல்கிறது.

விருந்தோம்பாமையை முன்வைத்த அம்மாவுக்கு என் வணக்கம். கிரேக்க வேருக்கு இவ்வளவு நெருக்கமான சொல் வேறு எந்த மொழியில் கிடைக்கும் என்று தெரியவில்லை. பழந்தமிழில் விருந்து என்றாலே புதியவர், புதுமை என்றுதான் பொருள். அந்த அளவில் செனோஸுக்கு நேர்ச்சொல். ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. விருந்தோம்பலுக்குத் தனி அதிகாரமே வைத்திருக்கிற மொழியில், ஓம்பாமை என்பது ஒரு குற்றம். நல்ல ரகத்தின் மிகச் சிறந்த பண்புக்கு அந்தப் பெயரைச் சூட்டினால், பாடம் படிக்கும் பிள்ளை முதலில் அந்தக் குறையைத்தான் உணரும். புகையான் விருந்தாளியும் இல்லை.

புறவிலக்கம் சுருக்கமானது. ஆனால் எதை எதிலிருந்து விலக்குவது என்று சொல் சொல்லவில்லை. சாதி விலக்கு, ஊர் விலக்கு என்று வேறு நினைவுகளும் கூடவே வருகின்றன. அதைத் தவிர்க்கலாம்.

சரி, அண்டவிடாமைக்கு வருகிறேன். "வேப்பம் புண்ணாக்கு கரைச்சு அடிச்சா பூச்சி அண்டாது", "மூட்டம் போட்டா கொசு அண்டாது" என்று ஊரில் எல்லோரும் சொல்வதுதான். அண்டுதல் என்றால் கிட்டே வருவது மட்டும் இல்லை, வந்து ஒட்டிக்கொள்வதும் தான். அண்டிப் பிழைப்பது, அண்டியிருப்பது எல்லாம் அந்தப் பொருளில் வருபவை. புகையானுக்கும் நெல்லுக்கும் உள்ள உறவு அப்படியே அதுதான். வந்து, ஒட்டி, சாறு உறிஞ்சி, முட்டை வைத்துக் குடும்பம் பெருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது இதன் இலக்கணம். 'அண்டாமை' என்றால் பூச்சி எழுவாய். 'அண்டவிடாமை' என்றால் பயிர் எழுவாய். பெயின்டரின் சொல்லுக்கும் கோகன்-ஆர்ட்மன் சொல்லுக்கும் இடையே ஆங்கிலம் புதுக் கிரேக்கம் தேடிப்போய்க் காட்டிய வேறுபாட்டை, தமிழ் ஒரு துணைவினையைச் சேர்த்துக் காட்டிவிடுகிறது. பழைய நூல்களை மொழிபெயர்ப்பவர்களுக்கு இரண்டு சொல்லுமே வேண்டும். நான்பிரிஃபரன்ஸுக்கு அண்டாமை, ஆன்டிசெனோசிஸுக்கு அண்டவிடாமை என்று வைத்துக்கொள்ளலாம். "அண்டாமையே சின்னச் சொல், அதுவே போதுமே" என்று கேட்ட நண்பருக்கும் இதுவே என் பதில்.

இன்னொன்று, அண்டவிடாமை என்றவுடன் "எதை?" என்ற கேள்வி தானாக எழும். அந்தக் கேள்வி எழத்தான் வேண்டும். பருத்தி இலையில் மயிர் அடர்ந்திருந்தால் தத்துப்பூச்சி அண்டாது. அதே மயிர் வெள்ளை ஈக்கு வசதி. காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சியும் மயிருள்ள இலையில்தான் கூடுதலாக முட்டையிடும். ஒரு பூச்சியை அண்டவிடாத குணம் இன்னொன்றுக்குப் பாய் விரிக்கிறது. "தத்துப்பூச்சியை அண்டவிடாத ரகம்" என்று இரண்டாம் வேற்றுமையோடு எழுதிப் பழகிவிட்டால், மொத்தமாக "எதிர்ப்பு ரகம்" என்று எழுதி உழவரைக் குழப்புவது குறையும்.

இனி மரபியல். இழையைத் தொடங்கியவர் கேட்டதே அதுதான்: "மரபணுவோடு சேர்த்து எழுதும்போது எந்தச் சொல் நிற்கும்?"

புகையானை எதிர்க்கும் மரபணுக்களை முதலில் அடையாளம் காட்டியது பிலிப்பைன்ஸில் லாஸ் பானோஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம். 1971-ல் வெளியான அந்த ஆய்வில் முட்கோ என்ற ரகத்தில் ஓங்கு மரபணு ஒன்றைக் கண்டு பி.பி.எச்.1 என்றார்கள். பி.பி.எச். என்பது புகையானின் ஆங்கிலப் பெயரின் சுருக்கம். நம் கோயம்புத்தூரின் கோ 22-லும் அதுவே இருந்தது. அம்பாசமுத்திரத்து ஏ.எஸ்.டி.7-ல் ஒடுங்கு மரபணு ஒன்று கிடைத்தது. அது பி.பி.எச்.2. முதல் மரபணுவை வைத்து 1973-ல் ஐ.ஆர்.26 என்ற ரகம் வந்தது. இரண்டு மூன்று ஆண்டுக்குள் அதையும் தின்னும் புகையான் கிளம்பிவிட்டது. 1976-ல் இரண்டாம் மரபணுவோடு ஐ.ஆர்.36 வந்தது. இதற்கிடையில் ஆய்வுக்கூடத்தில் ஏ.எஸ்.டி.7 நாற்றிலேயே தலைமுறை தலைமுறையாக வளர்த்து, அதையும் வெல்லும் புகையானை உருவாக்கிக் காட்டினார்கள்.

மரபு மாற்றம் இரண்டு பக்கமும் நடக்கிறது என்பதை இதில் கவனியுங்கள். நெல்லிலும் மரபணு, புகையானிலும் மரபணு. "அண்டாமைக்கான மரபணு" என்று எழுதினால் அது நெல்லில் இருப்பதா, பூச்சியில் இருப்பதா என்று புரியாது. "அண்டவிடாமை மரபணு" என்றால் ஐயமே இல்லை, அது நெல்லுடையது. புது ரகம் உருவாக்குபவர் கையில் இருப்பதும் அந்த ஒரு பக்கம்தான்.

முதல் நாளே ஒருவர் ஒரு நல்ல தடை எழுப்பினார்: "ஒரே மரபணு பூச்சியை விரட்டவும் செய்கிறது, கொல்லவும் செய்கிறது என்றால் எந்தப் பெட்டியில் போடுவீர்கள்?" இதை நானும் யோசித்திருக்கிறேன். காட்டு நெல்லிலிருந்து வந்த பி.பி.எச்.14-ஐ எடுத்துக்கொள்வோம். சீனாவில் ஊஹானில் 2009-ல் பிரித்தெடுத்து வெளியிட்டார்கள். புகையான் குத்தியதும் இந்த மரபணு உள்ள பயிரில், சாறு ஓடும் சல்லடைக் குழாய்களில் கலோஸ் என்ற பொருள் படிந்து அடைக்கிறது, சாறு வருவது குறைகிறது. திறந்த வயலில் அந்தப் பூச்சி அடுத்த தூருக்குப் போய்விடலாம். அதே பூச்சியைக் கூண்டில் அடைத்து வேறு பயிரே கொடுக்காவிட்டால், குறைவாகக் குடித்து, மெதுவாக வளர்ந்து, சீக்கிரம் சாகும். அடைப்பு ஒன்றுதான். பார்க்கும் சோதனையைப் பொறுத்து விளைவின் பெயர் மாறுகிறது. பூச்சிக்கு வேறு பயிரும் கொடுக்கும் சோதனையில் அளப்பது அண்டவிடாமை, அடைத்து வைக்கும் சோதனையில் அளப்பது பெயின்டரின் இரண்டாம் வகை. ஆகவே சொல் விளைவைத்தான் சொல்ல வேண்டும், உள்ளே நடக்கும் வேதியியலைச் சொல்லக் கூடாது. மயிர், மெழுகு, கலோஸ், மணம் எதனால் நடந்தாலும் 'அண்டவிடாமை' பொருந்தும்.

இங்கே ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் அதிகம் செய்தது நாற்றுப்பெட்டிச் சோதனை. பெட்டியில் ரகங்களை வரிசையாக விதைத்து, புகையான் இளங்குஞ்சுகளைத் தூவி, தைச்சுங் வரிசை காய்ந்து சாய்ந்ததும் மற்றவற்றுக்கு 0 முதல் 9 வரை மதிப்பெண் போடுவோம். அந்த எண் மூன்று வகையையும் கலந்துதான் தருகிறது. 3 வாங்கிய ரகம் பூச்சியை விரட்டியதா, வாட்டியதா, தாங்கிக்கொண்டதா என்று அதில் தெரியாது. நான் எழுதிய தமிழ் அறிக்கைகளில் எல்லாவற்றையும் 'எதிர்ப்புத்திறன்' என்ற ஒரே சொல்லில் போட்டேன், வேறு சொல் கைவசம் இல்லாததால். பிரித்துச் சொல்ல வார்த்தை இருந்திருந்தால் பிரித்துப் பார்த்தும் இருப்போம் என்று இன்றும் தோன்றுகிறது.

அப்புறம், முதல் சொல்லை வைத்தால் மற்ற இரண்டும் அதோடு இசைய வேண்டும். பயிரைத் தின்ற பூச்சி நலிவதான இரண்டாம் வகை, ஆன்டிபயோசிஸுக்கு 'எதிர் உயிர்ப்பு' என்று சிலர் எழுதுகிறார்கள். அது நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை நினைவூட்டுகிறது. நான் 'வாழவிடாமை' என்பேன். பூச்சி செத்தாலும் சரி, இளைத்தாலும் சரி, முட்டை குறைந்தாலும் சரி, வாழவிடவில்லை என்றால் அத்தனையும் அடங்கும். 'கொல்லல்' என்றால் பாதிதான் அடங்கும். மூன்றாம் வகையான டாலரன்ஸுக்கு 'தாங்குதிறன்' ஏற்கனவே புழக்கத்தில் இருக்கிறது, அதைத் தொட வேண்டாம். 1985-ல் வந்த ஐ.ஆர்.64-ஐ இந்த மூன்று சொல்லால் எழுதிப் பார்த்தேன்: "ஐ.ஆர்.26-ல் இருந்த அதே பி.பி.எச்.1 இதிலும் இருக்கிறது. ஆனாலும் இது நெடுநாள் நின்றது. வேறு சிறு மரபணுக்களும் சேர்ந்து, புகையானை ஓரளவு அண்டவிடாமையும் வாழவிடாமையும் தாங்குதிறனும் இதற்குத் தந்தன." படித்தால் புரிகிறது என்றுதான் நினைக்கிறேன்.

பி.கு. அனுப்பும் நேரத்தில் யாழ்ப்பாணத்து நண்பரின் மடல் வந்தது. அங்கே புகையானைக் கபிலநிறத் தத்தி என்கிறார்கள். நண்பரே, ரத்து ஹீனட்டி போன்ற உங்கள் இலங்கை ரகங்கள் உலகம் முழுக்கப் புகையான் எதிர்ப்புக்கு மரபணு கொடுத்தவை, அதனால் இந்தச் சொல் உங்கள் காதுக்கும் இசைவாக இருக்க வேண்டும். 'அண்டாது' அங்கும் இதே பொருளில்தான் வழங்குகிறதா? வேறு பொருள் ஏதும் இருந்தால் எழுதுங்கள், கலைச்சொல் பட்டியலில் ஏற்றுவதற்கு முன் பார்த்துவிடலாம். ஒரு ரகத்தின் எதிர்ப்பை மீறி வரும் பூச்சி வகையை பயோடைப் என்கிறார்கள். அதற்கான சொல்லைத் தனி இழையில் பேசுவோம். 'உயிர்வகை' எனக்குப் போதவில்லை, ஐ.ஆர்.26-ஐ மீறி வந்தது என்ற செய்தி அதில் இல்லை.