கலைச்சொல்: ‘சர்க்குலர் டெட்’ – சுழல்கடனா, சங்கிலி நிலுவையா?

குழுவினருக்கு வணக்கம்.

பாகிஸ்தான் மின்துறை குறித்த கட்டுரை ஒன்றைத் தமிழாக்குகிறேன். ‘சர்க்குலர் டெட்’ (circular debt: ஒருவர் பணம் தராததால் அடுத்தவரும் தர முடியாமல் துறை முழுக்க ஏறும் பாக்கி) பத்திக்குப் பத்தி வருகிறது. இப்போதைக்குச் ‘சுழல்கடன்’ என்று போட்டிருக்கிறேன். பொருந்துமா? ‘கெப்பாசிட்டி பேமெண்ட்’டுக்கும் ஒரு சொல் தேவை.

– மு.

---

> சுழல்கடன் என்று போட்டிருக்கிறேன்

வேண்டாம் ஐயா. சுழல்நிதி என்றால் மகளிர் சுய உதவிக் குழுவில் எல்லாருக்கும் தெரியும்: கொடுத்த பணம் திரும்பி வந்து அடுத்தவர் கைக்குப் போகும். இங்கே பணம் வராமல் நிற்பதுதான் சிக்கலே.

‘சர்க்குலர்’ என்பதற்காகச் ‘சுற்று’ என்று போடுவதும் சரிவராது; இது வட்டமல்ல, சங்கிலி. வீட்டுக்காரர் பகிர்மானக் கம்பெனிக்குத் தர வேண்டும் (லாகூரில் லெஸ்கோ, பெஷாவரில் பெஸ்கோ). அது மத்திய மின் கொள்முதல் முகமைக்கு, முகமை ஹப்கோ போன்ற மின் நிலையங்களுக்கு, அவை எரிபொருளுக்காகப் பாகிஸ்தான் ஸ்டேட் ஆயிலுக்கு. முதல் ஆள் தராவிட்டால் அடுத்தடுத்தவர் எல்லாரிடமும் முட்டுகிறது. கடைசியில் நிற்கும் வெளிநாட்டு எண்ணெய் வியாபாரி மட்டும் காத்திருக்க மாட்டார்; அவருக்கு டாலரில், கெடுவுக்குள் கொடுத்தாக வேண்டும். அதற்கு வங்கிக் கடன், அதற்கு வட்டி.

பணம் ஒழுகும் ஓட்டை எங்கே என்பதற்கு ஒரு மாதிரிக் கணக்கு. பகிர்மானக் கம்பெனி 100 யூனிட்டை 20 ரூபாய் வீதம் 2,000 ரூபாய்க்கு வாங்குகிறது. ஒழுங்குமுறை ஆணையமான நெப்ரா 12% இழப்பை மட்டும் ஒப்புக்கொண்டு, 88 யூனிட் விற்கும் என்று வைத்து, யூனிட்டுக்கு 22.73 ரூபாய் கட்டணம் போடுகிறது. உண்மையில் 18% கம்பியில் வீணாகியும் கொக்கி போட்ட திருட்டிலும் போய்விடுகிறது. 82 யூனிட்டுக்கு பில் 1,864 ரூபாய். அதில் 92% வசூலானால் கைக்கு வருவது 1,715. குறை 285 ரூபாய். கட்டணம் போடும்போது வசூல் 100% என்றே கொள்வதால், வராத பாக்கியை ஏற்க யாரும் இல்லை. அரசு அறிவித்த மானியம் தாமதமானால் குறை இன்னும் கூடும். எரிபொருள் விலை ஏறினாலும் ரூபாய் சரிந்தாலும் 20 என்பது 28 ஆகும். ஓட்டையின் விழுக்காடு மாறாமலே குறை 400 ரூபாயைத் தொடும். விலையேற்றம் கஜானாவைக் கடிப்பது இந்த வழியில்தான்.

எனவே ‘சங்கிலி நிலுவை’ என்பது என் முன்மொழிவு. ‘கடன்’ என்ற சொல்லை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். இதில் பெரும்பகுதி கட்டாத பில். யாரும் கையெழுத்துப் போட்டு வாங்கியதல்ல.

கெப்பாசிட்டி பேமெண்ட்: ‘நிலைக்கட்டணம்’ என்று எழுதாதீர்கள், அது நம் வீட்டு மின்கட்டணச் சீட்டில் வேறு பொருளில் இருக்கிறது. ‘திறன் கட்டணம்’ போதும். மின் நிலையம் ஓடினாலும் ஓடாவிட்டாலும், தயாராக இருப்பதற்குக் கொடுப்பது. பல ஒப்பந்தங்களில் டாலரோடு பிணைத்திருப்பதால், மின்சாரம் வாங்காத மாதத்திலும் ரூபாய்ச் சரிவு இதை ஏற்றிவிடும்.

– க.

---

க. அண்ணா, ஒரு மறுப்பு. அரசு இடையில் புகுந்த பிறகு அது உண்மையான கடனாகிவிடுகிறதே. நிலுவையின் ஒரு பகுதியை பவர் ஹோல்டிங் என்ற அரசு நிறுவனத்தின் பெயரில், அரசு உத்தரவாதத்தோடு, வங்கிக் கடனாக மாற்றி வைத்திருந்தார்கள். அதையும் சேர்த்துத்தான் 2024 ஜூன் இறுதியில் மொத்தம் 2,39,300 கோடி பாகிஸ்தான் ரூபாய் என்றார்கள். அந்த வங்கிக் கடனையும் ‘நிலுவை’ என்றே சொன்னால் வாசகர் குழம்புவார்.

இலங்கையிலும் இதே கோர்வை இருந்தது: மின்சார சபை பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்குப் பாக்கி, கூட்டுத்தாபனம் இலங்கை வங்கிக்கும் மக்கள் வங்கிக்கும் டொலர்க் கடன். அங்கே பேரே வைக்கவில்லை, ‘நிலுவை’ என்று மட்டும் எழுதினோம். 2022இல் டொலர் தீர்ந்தபோது பாக்கி, வங்கிக் கடன் இரண்டையும் பிரித்துச் சொல்ல வழியில்லாமல் போயிற்று.

‘தொடர் நிலுவை’ என்றால் என்ன?

– சி., கொழும்பு

---

> தொடர் நிலுவை

தங்கச்சி, ‘தொடர்’ என்றால் தொடர்ந்து வரும் நிலுவை என்றே படிப்பார்கள். ஆண்டுதோறும் புதிதாகச் சேர்வதற்கு வேண்டுமானால் அதை வைத்துக்கொள்ளலாம். சேர்ந்து கிடப்பதும் ஆண்டில் சேர்வதும் வேறு என்று காட்டாத கட்டுரை தவறான முடிவுக்கே போகும். 2013இல் நவாஸ் ஷெரீஃப் அரசு வந்ததும் ஏறக்குறைய 48,000 கோடியை அடைத்தது. கிடந்தது போயிற்று, ஓட்டை அப்படியே இருந்ததால் சில ஆண்டுகளில் மறுபடி குவிந்தது.

கடன் பற்றி நீ சொன்னதை ஏற்கிறேன். அதற்குத் தனிச் சொல்: ‘மாற்றி வைத்த கடன்’. 2025 செப்டம்பரில் 18 வங்கிகளோடு செய்த 1,22,500 கோடி ஒப்பந்தம் இந்த வகை. பாதிக்கு மேல் பழைய பவர் ஹோல்டிங் கடனுக்கு, மீதி மின் நிலையங்களின் நிலுவைக்கு. யூனிட்டுக்கு 3.23 ரூபாய் கூடுதல் கட்டணம் வசூலித்து ஆறு ஆண்டில் அடைப்பது திட்டம். ஒழுங்காகக் கட்டுபவர்தான் இதையும் கட்டப்போகிறார். தமிழ்நாடு 2017இல் சேர்ந்த, மின்வாரியங்களைக் கடனிலிருந்து மீட்கும் மத்திய அரசின் உதய் திட்டமும் இதன் தம்பிதான்: மின்வாரியக் கடனில் 75% மாநில அரசின் கணக்குக்கு இடம் மாறியது.

மு. ஐயா, ‘சங்கிலி நிலுவை’யை முதல் முறை வரும்போது ஒரு வரியில் விளக்கிவிடுங்கள். தொகை சொல்லும் இடமெல்லாம் மாற்றி வைத்த கடன் சேர்ந்ததா, சேராததா என்று மூலத்தைப் பார்த்து எழுதுங்கள். எரிவாயுத் துறைக்குத் தனிக் கணக்கு உண்டு, அதை இதோடு கூட்டிவிட வேண்டாம்.

– க.