மறு: தகவமைப்பு ஒண்ணே போதுமா? மரபுத்தகவு, பழகுதகவு

எல்லாருக்கும் வணக்கம்ங்க. மாடுங்க ஒரு மண்ணுக்கும் குளிர் வெயிலுக்கும் பொருந்திப் போறத (adaptation) தமிழ்ல என்ன சொல்லலாம்னு ஓடுற இந்த இழையில வந்த மடல் எல்லாத்தையும் படிச்சேன், ஈரோட்டு அண்ணன் கேட்டதுல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

> பள்ளிக்கூடப் புத்தகத்துலயே ‘தகவமைப்பு’ இருக்கு. புழக்கத்துல உள்ளத விட்டுட்டு புதுசா எதுக்கு?

கேள்வி நியாயம்தாங்க அண்ணா. நான் நீலகிரியில குந்தா பக்கம் மாடு வெச்சிருக்குறவங்களுக்காக ஒரு சின்ன கையேடு எழுதிட்டு இருக்கேன், அதுல இந்த ஒத்தச் சொல்ல வெச்சுக்கிட்டு ஒரு பக்கம் கூட நகர முடியல. ஏன்னா ரெண்டு வேற வேற சங்கதிக்கு நாம அதையே போட்டுட்டு இருக்கோம். ஒரு மாடு தன் ஆயுசுக்குள்ள குளிருக்கோ சூட்டுக்கோ உடம்ப மாத்திக்கிறது ஒண்ணு. பல தலைமுறையா ஒரு மண்ணுல பொழச்சு வந்த மாடுங்களுக்கு மரபணுவுலயே ஏறி, கன்னுக்கும் போறது இன்னொண்ணு. முன்னது கன்னுக்கு போகாது.

இது ஏட்டு வித்தியாசம் இல்லீங்க. எங்க பக்கத்து ஊர் அக்கா ஒருத்தங்க கீழ சந்தையில இருந்து கலப்பின மாடு ஒண்ணு ஏத்திட்டு வந்தாங்க, வித்தவர் ‘மலைக்கு கொஞ்ச நாள்ல பழகிடும்மா’ன்னு சொல்லி வித்தாரு. அவர் சொன்னதும் பொய்யில்ல. ஐப்பசி மழையில நின்ன எடத்துலயே நடுங்குன மாடு, மார்கழிக்குள்ள முடி அடர்ந்து, தீவனம் கூட எடுத்து, நல்லா நிமிந்துருச்சு. அதே மாடு அடுத்த ஆடியில கன்னு போட்டுச்சு. இங்க ஆடின்னா தெரியும்ல, மழை மேல இருந்து கொட்டாது, காத்தோட சேந்து பக்கவாட்டுல அடிக்கும். கன்னுக்கு முடி மெலிசு, நனைஞ்சா தோல் தெரியும், சாக்கு போத்தி அடுப்பு பக்கத்துலயே கட்டி வெச்சும் சளி பிடிச்சு தங்கல. ஒரு கன்ன வெச்சு எதையும் முடிவு கட்ட முடியாது, சளிக்கு ஆயிரம் காரணம் இருக்கும். ஆனா அக்கா கேட்டாங்க பாருங்க, ‘தாய் பழகிடுச்சே தம்பி, கன்னு ஏன் பழகல?’. இந்தக் கேள்விக்கு தகவமைப்புங்கற சொல்ல வெச்சு பதில் எழுதிப் பாருங்க, சுத்திச் சுத்தி அங்கேயே வந்து நிப்பீங்க.

அதனால நான் வெக்கிற ஜோடி இது: கன்னுக்கு போறது மரபுத்தகவு, ஆயுசுக்குள்ள வந்து ஆயுசோட போறது பழகுதகவு.

தகவமைப்ப நான் உடைக்கவே இல்லீங்க அண்ணா, அதுக்குள்ள இருக்குற தகவ மட்டும் வெளிய எடுத்தேன். பள்ளிக்கூடத்துல தகவமைப்புன்னா ஒட்டகத்தோட திமிலு, மீனோட செதிலுன்னு உறுப்புகளத்தான் நெனைக்கிறோம், ‘அமைப்பு’ங்கற பாதி நம்மள அங்க இழுத்துட்டு போயிடுது. தகவு தனியா நின்னா பொருத்தம், தகுதி. குறள் 114 ஞாபகம் இருக்கும், ‘தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப் படும்’. அங்க தகவு நடுவுநிலைமையச் சொல்லுது, மாட்டச் சொல்லல, சரி. ஆனா எச்சத்துக்கு பரிமேலழகர் மக்கள்னுதான் உரை எழுதுறாரு. தகவு இருக்கா இல்லையான்னு பிள்ளைகள வெச்சு பாருங்கறது நம்ம தேவைக்கு இத விட நெருக்கமா எங்கயும் கெடைக்காது.

இலங்கை நண்பர் ‘இசைவாக்கம்’ சொன்னாரு, அங்க பாடப்புத்தகத்துலயே அதுதான் புழக்கம், நல்ல சொல்தான். எனக்கு உறுத்துறது அந்த ‘ஆக்கம்’. யாரோ முயற்சி பண்ணி ஆக்குற மாதிரி கேக்குது. மரபுல நடக்குறதுல மாட்டோட முயற்சி எதுவும் இல்ல, தாங்குனது நாலு கன்னு விட்டுச்சு, தாங்காதது விடல, அவ்வளவுதான். ‘காலநிலை இணக்கம்’ வேண்டவே வேண்டாம்ங்க, பத்திரிகைல அதே மாதிரி சொற்கள அணை, தடுப்புச்சுவர், பயிர்க் காப்பீடு எல்லாத்துக்கும் போட ஆரம்பிச்சுட்டாங்க.

கோவை மேடம் கேட்ட ‘தாங்குதிறன்’ அவசியம் வேணும், ஆனா அது மூணாவது சொல். வெயில்ல ரெண்டு மாட்ட நிறுத்தி ஆசனவாய்ல தெர்மாமீட்டர் வெச்சு ஒண்ணு 38.8 இன்னொண்ணு 40 காட்டுனா, நாம அளந்தது தாங்குதிறன். அந்தத் தாங்குதிறன் எந்த வழியா வந்ததுன்னு கேட்டா அப்பதான் மரபுத்தகவா பழகுதகவான்னு பிரியும். ரெண்டு மாட்டையும் ஒரே பட்டியில ஒரே தீவனத்துல கட்டி, கன்னுங்களையும் அங்கேயே வளத்தா, பழக்கத்தால வந்த வித்தியாசம் கரைஞ்சு போயிடும். அப்பவும் கன்னுங்கட்ட நிக்கிற வித்தியாசம்தான் மரபு.

இப்ப உதாரணத்துல போட்டு பாக்குறேன், சொல் நிக்குதா விழுதான்னு.

ஊட்டி 2,240 மீட்டர். காத்தழுத்தம் கடல்மட்டத்த விட கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு, ஆக்சிஜனும் அந்தக் கணக்குக்கு கொறையும். கீழ இருந்து ஏறுன மாட்டுக்கு சில வாரத்துல சிவப்பணு கூடும். திரும்ப மேட்டுப்பாளையம் இறக்குனா அது பழைய அளவுக்கே வந்துடும். இது பழகுதகவு. ஆனா ஆக்சிஜன் கொறைஞ்சா நுரையீரல் ரத்தக்குழாய் சுருங்கி அழுத்தம் ஏறும் பாருங்க, அது எவ்வளவு ஏறுதுங்கறதுல வம்சத்துக்கு கணிசமான பங்கு இருக்கு. அமெரிக்காவுல கொலராடோ மலையில அழுத்தம் ரொம்ப ஏறி, இதயம் தளந்து, நெஞ்சுக்கு கீழ நீர் கோத்து மாடு சாகும், அதனால அங்க காளைய பொலிக்கு விடறதுக்கு முன்னாடி அந்த அழுத்தத்த அளந்து பாத்து, அதிகமா ஏறுறத கழிச்சு விடறாங்க. கழிக்கறதுல அர்த்தம் இருக்குன்னா அது மரபுத்தகவு சம்பந்தப்பட்டதுன்னு அர்த்தம். இதுக்கு தனியா மலைத்தகவுன்னே சொல்லிடலாம். அதே மாதிரி வெப்பத்தகவு, குளிர்த்தகவு, இல்லாததுக்கு தகவின்மை. முன்னாடி ஒரு சொல்ல ஒட்டுனா போதும், ‘தகவமைப்பு’ல இப்படி ஒட்டுனா நீளம் தாங்காது.

வெப்பத்தகவுக்கு கரீபியன்ல செனபோல் மாடு நல்ல உதாரணம். பால் சுரப்புக்கான ஹார்மோன் புரோலாக்டின், அத செல்லுல வாங்கிக்கிற ஏற்பியோட மரபணுவுல ஒரு எழுத்து விட்டுப்போய் அந்த ஏற்பி பாதியில அறுந்துருக்கு, அதனால முடி குட்டையா வழுவழுப்பா வளருது, வெயில்ல உடம்பு சூடு கம்மியா நிக்குது. 2014ல கண்டுபிடிச்சு எழுதுனாங்க. தாய்கிட்ட இருந்தோ தகப்பன்கிட்ட இருந்தோ ஒரு பிரதி வந்தாலே போதும், கன்னு வழுவழுன்னு பொறக்கும். நம்ம திமில் மாடுங்களோட கதை இப்படி ஒரே மரபணுவுல அடங்காது, பெரிய வேர்வைச் சுரப்பி, தொங்குற அலைதாடி, வெளிர் முடிக்கு அடியில கருந்தோல், கொறஞ்ச உள்சூடுன்னு பலதும் சேந்து வந்தது.

குளிர்த்தகவுக்கு நான் வேற எங்கயும் போகல. தை மாசம் விடியறதுக்கு முன்னாடி ஊட்டிக்கு பக்கத்துல அவலாஞ்சி ரோட்டுல போனா, நீர்ப்பனி போய் உறைபனி விழுந்து புல்லெல்லாம் வெளுத்துக் கெடக்கும், அதுல நீலகிரிப் பழங்குடி தோடர் மக்களோட எருமைங்க நிக்கும். சமவெளி எருமை மாதிரி வழிச்ச கருந்தோல் கெடையாது, உடம்பு பூரா அடர்த்தியா முடி, சாம்பலும் இளம் பழுப்புமா. முதுகு முடி நுனியில பனி வெள்ளையா படிஞ்சிருக்கும், உருகாம அப்படியே இருக்கும். உள்சூடு வெளிய கசியலன்னு கண்ணால பாக்குற எடம் அது. கிட்ட போய் தொட்டுப் பாக்கலாம்னு மட்டும் நெனைக்காதீங்க, தோடர் வீட்டாள் இல்லாம அதுங்க யாரையும் அண்ட விடாது. இதே அவலாஞ்சியிலதான் 2019 ஆகஸ்ட்ல ஒரே நாள்ல 800 மில்லிமீட்டருக்கு மேல மழை பேஞ்சுது, அந்த மாதிரி மண்ணுல மேஞ்சு வந்த வம்சம். பால் கூட வரட்டும்னு இதுங்க கூட சமவெளி எருமை இனமான முர்ரா கெடாய விடலாமான்னு கேக்குறவங்களுக்கு, முர்ரா பழகும்தான், ஆனா அந்த பழகுதகவு கன்னுக்கு வராது, கன்னுல பாதி மலைத்தகவும் கரையும்னு ஒரே வரியில சொல்ல எனக்கு இந்த ரெண்டு சொல்லும் வேணும்.

அதுக்காக தோடர் எருமைகிட்ட தெரியற எல்லாத்தையும் மரபுத்தகவுன்னு எழுதிடக் கூடாதுங்க, இந்த எச்சரிக்கைய சொல்விளக்கத்துலயே சேத்துடலாம்னு இருக்கேன். மந்தை ரொம்ப சிறுத்துப் போன இனம் அது. சின்ன மந்தையில ஒரு மரபணு வகை எந்த நன்மையும் இல்லாமலே வெறும் தற்செயலா பெருகிடும், கெடுதலானது கூட பெருகலாம். மத்த எருமைகள்ல இருந்து மரபு வேறுபட்டு இருந்தா மட்டும் அது தகவு ஆகிடாது, பொழைக்கவோ கன்னு விடவோ உதவுனதுதான் தகவு.

கலப்புன்னாலே தகவு போச்சுன்னும் யாரும் எடுத்துக்க வேண்டாம். நம்ம நீலகிரி செம்மறியே 19ஆம் நூற்றாண்டுல உள்ளூர் ஆட்டோட மெரினோ, செவியட், சவுத்டவுன்னு வெளிநாட்டு இனங்க எல்லாம் சேந்து வந்த இனம்தான், இன்னைக்கு சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்துல அத தனி இனமா பாதுகாக்குறாங்க. திபெத்து மாடுங்களுக்கும் யாக்கோட நடந்த பழைய கலப்புல இருந்து மரபணுத் துண்டுங்க வந்திருக்கு. வந்ததுக்கு அப்புறம் தலைமுறை தலைமுறையா மலை சலிச்சு எடுக்கணும், அந்தக் காலத்த கொடுக்காம சினை ஊசிக்கு மேல சினை ஊசி போட்டுட்டே போனா தகவு எங்க இருந்து வரும்?

> பழகுற திறனே மரபுல வர்றதுதானே, அப்ப இந்தப் பிரிவினை நிக்குமா?

திருச்சி தோழர் கேட்டது, இழையிலயே கூர்மையான கேள்வி இதுதான். நிக்கும்ங்க. சூடு ஏறுனா எல்லா மாட்டு செல்லும் வெப்ப அதிர்ச்சிப் புரதத்த உண்டாக்கும், மத்த புரதங்க உருக்குலையாம அது காக்கும். எவ்வளவு வேகமா, எவ்வளவு உண்டாக்கும்ங்கறது வம்சத்துக்கு வம்சம் மாறும். அந்த வேகம் மரபுத்தகவு. இந்த சித்திரை வெயில்ல இந்த மாடு அத உண்டாக்கி உண்டாக்கி தேறி வந்தது பழகுதகவு. கன்னுக்கு வேகம் போகும், தேறுனது போகாது.

ரெண்டுலயும் சேராத ஒண்ணும் இருக்கு. சினைமாடு பால் வத்துன கடைசி காலத்துல வெயில்ல வாடுனா, வயித்துல இருந்த கெடேரி வளந்து கறக்குற பாலும் கொறையுதுன்னு ஃபுளோரிடாவுல பாத்திருக்காங்க. மரபணு எழுத்து எதுவும் மாறல, கன்னு வெளிய வந்து பழகுனதும் இல்ல, கருவுலயே பட்டது. இதுக்கு இப்போதைக்கு கருப்பதிவுன்னு வெச்சிருக்கேன். ‘பதிவு’ங்கறத வேற மரபணுச் சொல்லுக்கு யாராவது ஏற்கனவே எடுத்துட்டீங்கன்னா சொல்லுங்க, மாத்திடறேன். பழனிமலை, தேனிப் பக்கம் மலைமாட்டுக்காரங்க கிட்ட பழகுறவங்க யாராவது இருந்தா, வயித்துல இருக்கும்போதே வாடிப் பொறந்த கன்ன அங்க என்ன சொல்லி கூப்பிடறாங்கன்னு ஒரு வரி எழுதுங்க. அவங்க வாயில ஏற்கனவே ஒரு சொல் இருந்தா அதையே எடுத்துக்கலாம்.