ஓஎல்இடி பேனல்களில் குறை கண்டறிதல்: 99 சதவீதத் துல்லியம் இருந்தும் பொய்க் குறைகள் வருவது ஏன்?

நுண்புள்ளி எழுதியது:

வணக்கம். முதுநிலைப் பொறியியல் ஆய்வேட்டுக்காக, கைபேசி ஓஎல்இடி பேனல்களின் உற்பத்திக் குறைகளைப் படத்திலிருந்து கண்டறியும் நிரல் ஒன்றை எழுதி வருகிறேன். சந்தையில் உதிரியாக வாங்கிய பேனல்களை முழு வெண்மையில் ஒளிரவிட்டுப் படமெடுத்து, சிறு துண்டுகளாக வெட்டி, நல்லவை, குறையுள்ளவை எனப் பிரித்து ஓர் ஆழ்கற்றல் மாதிரியைப் பயிற்றுவித்தேன். சோதனைத் துண்டுகளில் துல்லியம் 99 சதவீதத்தைத் தாண்டுகிறது. ஆனால் முழுப் பேனலைக் கொடுத்தால் குறையே இல்லாத இடங்களைக் குறை என்கிறது. அடர்சாம்பல் நிறத்தில் என் கண்ணுக்கே தெரியும் மங்கிய பட்டைகளை விட்டுவிடுகிறது. போதாக்குறைக்கு, பேனலில் இல்லாத அலைக்கோடுகள் படத்தில் விழுகின்றன. கூடுதல் படங்களைச் சேர்த்தால் சரியாகுமா, அல்லது அணுகுமுறையே தவறா?

கேமராக்காரன் எழுதியது:

படங்களைக் கூட்டிப் பயனில்லை, கணக்கைப் பாருங்கள். 1080-க்கு 2400 பேனலில் 25,92,000 பிக்சல்கள் உள்ளன. கைபேசிகளில் பரவலாக உள்ள பென்டைல் அமைப்பில் பிக்சலுக்கு இரண்டு துணைப் பிக்சல்கள் (ஒரே நிறத்தில் ஒளிரும் சிறு புள்ளிகள்) என்பதால், ஒளிரும் புள்ளிகள் 51,84,000. ஒவ்வொரு புள்ளிக்கும் தீர்ப்புச் சொல்லும் நிரல் பத்து லட்சத்தில் ஒன்றில் மட்டுமே தவறினாலும், குறையற்ற பேனல் ஒவ்வொன்றிலும் சுமார் ஐந்து பொய்க் குறைகள் வந்து நிற்கும். உங்கள் 99 சதவீதம், நல்லதும் கெட்டதும் பாதிக்குப் பாதி கலந்த தொகுப்பில் கிடைத்ததாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். நிஜப் பேனலில் அந்த விகிதம் இல்லை. பேனல் என்பது ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வரும் பரப்பு. ஆகவே ஒரு புள்ளியை அதே நிறத்து அண்டைப் புள்ளிகளோடு ஒப்பிட்டு, வேறுபடுபவற்றை மட்டும் முதலில் பிரித்தெடுங்கள். தானியங்கி ஒளியியல் சோதனைக் கருவிகளில் நெடுநாளாக இருக்கும் வழி அது. அந்தச் சிலவற்றை வகைப்படுத்தும் வேலையை மட்டும் உங்கள் மாதிரிக்குக் கொடுங்கள்.

அலைக்கோடுகள் மோயரே விளைவு; கேமரா உணரியின் கட்டமும் பேனலின் கட்டமும் மேற்படியும்போது பிறப்பவை. ஒரு துணைப் பிக்சலின் மேல் குறைந்தது மூன்றுக்கு மூன்று உணரிப் பிக்சல்கள் விழுமாறு லென்சை அமையுங்கள். பட்டைகளை மட்டும் தேடுவதானால் குவியத்தைச் சற்று விலக்கினாலே போதும்.

முழு வெண்மையில் படமெடுத்ததுதான் பட்டைகள் தப்பியதற்குக் காரணம். ஓஎல்இடிக்குள் பாயும் மின்னோட்டம், இயக்கும் டிரான்சிஸ்டருக்குத் தரப்படும் மின்னழுத்தம் அதன் தொடக்க மின்னழுத்தத்தை (அது மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும் அளவை) எவ்வளவு மிஞ்சுகிறதோ, அந்த மிச்சத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மிச்சம் 2 வோல்ட்டாக இருக்கையில் 0.1 வோல்ட் பிசகினால் மின்னோட்டம் சுமார் 10 சதவீதமே மாறும், மிச்சம் 0.3 வோல்ட்டாக இருக்கும் இருண்ட நிலையில் அதே பிசகு 78 சதவீத மாற்றத்தைத் தரும். பிக்சலுக்குள் இருக்கும் ஈடுசெய்யும் சுற்று இதைப் பெரிதும் குறைத்தாலும் எஞ்சுவது இருட்டில்தான் வெளிப்படும். அடர்சாம்பலில், சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே, நீண்ட ஒளிபடு நேரத்தில் படமெடுங்கள்.

வெற்றிட அறை எழுதியது:

கேமராக்காரன் சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் குறை எந்தக் கட்டத்தில் பிறந்தது என்று அறியாமல் அதற்குப் பெயரிடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நேர்கோடாக, சீரான இடைவெளியில் வரும் பட்டைகள் பெரும்பாலும், ஒளி உமிழும் கரிம அடுக்கைப் படியவைப்பதற்கு முந்திய கட்டத்தில் பிறந்தவை. 308 நானோமீட்டர் எக்சைமர் லேசரால் டிரான்சிஸ்டர்களுக்கான சிலிக்கானைப் படிகமாக்கும்போது ஒவ்வொரு துடிப்பின் ஆற்றலும் இம்மியளவு மாறுவது அப்படிக் கோடாகப் பதிகிறது. நிறங்கள் ஒன்றோடொன்று கலந்தால், கரிமப் பொருளை உரிய இடத்தில் மட்டும் படியவிடும், இன்வார் உலோகக்கலவையாலான மெல்லிய மாஸ்க் (துளைத்தகடு) தொய்ந்ததா, இடம் நகர்ந்ததா என்று பார்க்க வேண்டும். பேனலை ஒளிரச் செய்வதற்கு முன்பே, புறஊதா ஒளி பட்டு ஒளிரும் கரிமப் பொருளைப் படமெடுத்து அது உரிய இடத்தில் படிந்துள்ளதா என்று அளக்க முடியும்.

இருண்ட புள்ளியின் கதை வேறு. கரிம அடுக்குகள் எல்லாம் சேர்ந்தே சில நூறு நானோமீட்டர்தான். ஒரு மைக்ரோமீட்டர் தூசி அதைவிடத் தடிமனானது. அது விழுந்த இடத்தில் நேர்மின்வாயும் எதிர்மின்வாயும் தொட்டுக்கொண்டால் மின்னோட்டம் முழுவதும் அவ்வழியே போய்ப் புள்ளி அணையும். அகச்சிவப்புக் கேமராவில் அது சூடான புள்ளியாகத் தெரியும், லேசரால் அதைத் துண்டிக்கவும் செய்வார்கள். இன்னொரு வகை, முதல் நாளில் எந்தக் கேமராவுக்கும் அகப்படாது. மூடும் படலத்தின் நுண்துளை வழியே ஈரம் கசிந்து, புள்ளி நாளடைவில் வளரும். ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு ஒரு கிராமின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவுக்குள் ஈரத்தைத் தடுக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் இலக்கு. இதைப் படத்தால் பிடிக்க முடியாததால்தான், 85 டிகிரி செல்சியஸ், 85 சதவீத ஈரப்பதம் கொண்ட அறையில் மாதிரிப் பேனல்களை வைத்துப் பார்க்கிறார்கள்.

நுண்புள்ளி எழுதியது:

இருவருக்கும் நன்றி. அடர்சாம்பலில் எடுத்ததும் பட்டைகள் பளிச்சென்று தெரிகின்றன. இப்போதைய சிக்கல், எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்ற எல்லை.

கேமராக்காரன் எழுதியது:

இத்தகைய சீரின்மையை 'முரா' என்ற ஜப்பானியச் சொல்லால் குறிப்பார்கள். அதற்குச் செமி என்ற குறைக்கடத்தித் தொழில் அமைப்பின் டி31 தரநிலையில் 'செமு' என்ற அளவு இருக்கிறது; ஒளிர்வு வேறுபாடு, கண் கண்டுகொள்ளும் எல்லையைப்போல் எத்தனை மடங்கு என்பதே அது. கண் கண்டுகொள்ளும் குறைந்தபட்ச ஒளிர்வு வேறுபாட்டைச் சதவீதத்தில் பெற, சதுர மில்லிமீட்டரில் உள்ள பரப்பின் 0.33 அடுக்கால் 1.97-ஐ வகுத்து 0.72-ஐக் கூட்ட வேண்டும். ஒரு சதுர மில்லிமீட்டர்ப் பரப்புக்கு 2.69 சதவீதம் வருகிறது. நூறு சதுர மில்லிமீட்டருக்கு 1.15 சதவீதம்தான். எனவே 1.5 சதவீத வேறுபாடு சிறு புள்ளியில் மறைந்துவிடும், அகன்ற பட்டையில் தெரியும். இது ஒளிர்வு வேறுபாட்டுக்கானது, நிற வேறுபாட்டுக்கு அப்படியே பொருத்த வேண்டாம்.

உங்கள் பேனல்கள் உதிரிச் சந்தையில் வாங்கியவை என்கிறீர்கள். தொழிற்சாலையில் ஒவ்வொரு பேனலின் முராவையும் கேமராவால் அளந்து, திருத்த எண்களை நினைவகச் சில்லில் எழுதிவிடுவது வழக்கம். ஏற்பதா தள்ளுவதா என்ற முடிவு அந்தத் திருத்தத்துக்குப் பிறகே எடுக்கப்படும். ஒளிர்வு குறைந்த பட்டையைத் திருத்தலாம், செத்த புள்ளியைத் திருத்த முடியாது. நீங்கள் பேனலை இயக்கும்போது அந்த எண்கள் படிக்கப்படுகின்றனவா? இல்லையென்றால் நீங்கள் 'குறை' என்று பெயரிட்ட பட்டைகளில் பல, தொழிற்சாலையின் பார்வையில் தேறிய பேனல்களைச் சேர்ந்தவையாக இருக்கலாம். எல்லையை வகுக்கும் முன் அதைச் சரிபார்த்து எழுதுங்கள்.