மறு: ‘இன்கம்பன்ட்’, ‘டேர்ன்ஓவர்’ – தேர்தல் கலைச்சொற்கள்: ‘ஆசனதாரர்’, ‘உறுப்பினர் புரள்வு’

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

ஏற்கெனவே ஆசனத்தில் இருப்பவரைக் குறிக்கும் ‘இன்கம்பன்ட்’, தேர்தலுக்குத் தேர்தல் உறுப்பினர்கள் மாறுவதைக் குறிக்கும் ‘டேர்ன்ஓவர்’ என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கும் தமிழ் தேடும் இந்த இழையில் இதுவரை வந்த மடல்களை எல்லாம் வாசித்தேன். முதற்சொல்லுக்கு நடப்பு உறுப்பினர், பதவியிலுள்ளவர், அமர்வர், இருக்கையர் என்று நான்கு சொற்கள் முன்வைக்கப்பட்டிருக்கின்றன. எனக்கு நான்கிலும் குறை தெரிகிறது. மட்டக்களப்பிலும் திகாமடுல்லவிலும் (அம்பாறை மாவட்டத்துக்குத் தேர்தலில் உள்ள பெயர்) நடந்த தேர்தல்களை வைத்து இந்தச் சொற்களைச் சோதித்துப் பார்த்தால் குறை எங்கே என்று உடனே பிடிபடும். அதனால் ஊர்க்கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

> ‘பதவியிலுள்ளவர்’ என்று எளிமையாகச் சொல்லிவிட்டுப் போகலாமே, எதற்குப் புதுச்சொல்?

சேர், செய்தியில் ஒரு வசனத்துக்குள் வரும்போது அது போதும். ஆனால் கலைச்சொல் என்றால் அதிலிருந்து வேறு சொற்களும் கிளைக்க வேண்டும். மீண்டும் போட்டியிடும் ஒருவருக்கு ஏற்கெனவே பதவியில் இருப்பதால் கிடைக்கும் அனுகூலத்தை எப்படிச் சொல்வது? ‘பதவியிலுள்ளவர் அனுகூலம்’ வாயில் நிற்கவில்லை. அதோடு, பதவியில் உள்ளவர் என்றால் கிராம உத்தியோகத்தரும் பதவியில்தானே உள்ளார்.

‘நடப்பு உறுப்பினர்’ கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் முக்கியமான நேரத்தில் கைவிட்டுவிடும். 2024 செப்டெம்பர் 24ஆம் திகதி பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. நவம்பர் 14 அன்று வாக்களித்தோம். இடைப்பட்ட ஏழு வாரங்களும் நாட்டில் ஒருவர்கூடப் பாராளுமன்ற உறுப்பினர் இல்லை. அந்த நாட்களில் நம் பத்திரிகைகள் எல்லோரையும் ‘முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர்’ என்றே எழுதின. கலைக்கப்படும் நாள்வரை சபையில் இருந்த எங்கள் மட்டக்களப்பின் சாணக்கியனும் முன்னாள். 2020இல் தோற்றுப்போய் நான்கு வருடம் வெளியே இருந்த ஸ்ரீநேசனும் முன்னாள். இருவரும் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தில் போட்டியிட்டார்கள், இருவரும் வென்றார்கள். ஆனால் வாக்காளர் ஒருவரைத் தக்கவைத்துக்கொண்டார்கள், மற்றவரைத் திருப்பி அழைத்தார்கள். இவை இரண்டும் வேறு வேறு தீர்ப்புகள். ‘முன்னாள்’ என்ற ஒற்றைச்சொல் அந்த வேறுபாட்டை அழித்துவிடுகிறது. இன்கம்பன்டுக்கு நமக்குத் தனிச்சொல் வேண்டும் என்று நான் பிடிவாதமாக நிற்பதற்குக் காரணம் இதுதான்.

‘அமர்வர்’ சொன்ன தங்கச்சிக்கு: பாராளுமன்ற அமர்வு, அமர்வுக் கொடுப்பனவு என்று ‘அமர்வு’ நம் நாட்டில் வேறு வேலையில் இருக்கிறது. சபைக்கு வந்து அமர்ந்தவர் என்றுதான் வாசிப்பார்கள். ‘இருக்கையர்’ நல்ல தமிழ். ஆனால் தமிழ் இருக்கை என்றாலே இப்போது பல்கலைக்கழகம்தான் நினைவுக்கு வருகிறது. இங்கே வாக்கு எண்ணும் இரவில் யாரும் ‘எத்தனை இருக்கை?’ என்று கேட்பதில்லை. ‘எத்தனை ஆசனம்?’ என்றுதான் கேட்கிறார்கள்.

அதனால் என் பரிந்துரை ‘ஆசனதாரர்’. பங்குதாரர், குத்தகைதாரர், அனுமதிப்பத்திரதாரர் என்று இந்தக் குடும்பத்துச் சொற்கள் நம் அலுவலகங்களில் ஏற்கெனவே புழங்குகின்றன. குத்தகைதாரர் வயலைக் குறித்த காலத்துக்குச் செய்கிறார், வயல் அவருடையதல்ல. ஆசனமும் அப்படித்தான், வாக்காளருடையது. ஐந்து வருடம் ஒருவர் கையில் இருக்கிறது. சபை கலைந்த பிறகும் ‘கலைந்த சபையின் ஆசனதாரர்’ என்று பிசகில்லாமல் சொல்லலாம். ‘ஆசனதாரர் அனுகூலம்’ என்றும் தயங்காமல் எழுதலாம்.

இப்போது இரண்டாவது சொல். இதில்தான் விடயம் கனதியாக இருக்கிறது.

மட்டக்களப்பு மாவட்டத்துக்கு ஐந்து ஆசனங்கள். 2015இல் வென்றவர்கள் ஸ்ரீநேசன், வியாழேந்திரன், யோகேஸ்வரன், அலி சாஹிர் மௌலானா, அமீர் அலி. 2020இல் சாணக்கியன், கருணாகரம், சந்திரகாந்தன், வியாழேந்திரன், நஸீர் அஹமட். 2024இல் சாணக்கியன், ஸ்ரீநேசன், ஸ்ரீநாத், பிரபு, ஹிஸ்புல்லாஹ். இரண்டு தேர்தல்களிலும் ஐந்தில் ஒருவர் மட்டுமே நிலைத்தார், நால்வர் மாறினர். எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டு தடவையும் நூற்றுக்கு எண்பது. ஆனால் உள்ளே நடந்தது ஒன்றல்ல.

2020இல் நிலைத்த வியாழேந்திரன் 2015இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பில் வென்றவர். 2018இல் மஹிந்த ராஜபக்ஷ பக்கம் போனார். 2020இல் பொதுஜன பெரமுனவில் வென்றார். ஆள் அதே ஆள், கட்சி வேறு. 2024இல் முஸ்லிம் காங்கிரஸுக்கு, 2020இல் நஸீர் அஹமட் வென்றதுபோலவே, ஓர் ஆசனம் கிடைத்தது. வந்த ஆள் ஹிஸ்புல்லாஹ். கட்சி அதே கட்சி, ஆள் வேறு. ஆகவே ஆள் மாறுவதற்கு ஒரு சொல், ஆசனம் கட்சி மாறுவதற்கு இன்னொரு சொல் வேண்டும். இரண்டையும் ‘மாற்றம்’ என்று எழுதினால் வாசகருக்கு ஒன்றும் விளங்காது. ஆசனம் கட்சிவிட்டுக் கட்சி போவதை ‘ஆசனக் கைமாற்றம்’ என்று வைத்துக்கொள்வோம். இதில் பெரிய சர்ச்சை வராது என்று நினைக்கிறேன்.

ஆள் மாறுவதற்கு நான் ‘உறுப்பினர் புரள்வு’ என்கிறேன்.

> ‘புரள்வு’ என்றால் ஏதோ புரட்சி, குழப்பம் போல ஒலிக்கிறது. ‘சுழற்சி’ மென்மையாக இல்லையா?

தமிழ்நாட்டு நண்பருக்கு அப்படி ஒலிப்பது நியாயம்தான். அங்கே வணிகத்தில் ‘விற்றுமுதல்’ என்கிறீர்கள். ஆனால் இலங்கையில் உயர்தரத்தில் வணிகக்கல்வியோ கணக்கீடோ படித்த பிள்ளைக்கு இருப்புப் புரள்வு, ஊழியர் புரள்வு என்பவை பழகிய பாடச்சொற்கள். ஒரு நிறுவனத்தில் ஆட்கள் போய் ஆட்கள் வருவதை அளக்கும் சொல்லைச் சபைக்கும் கொண்டுபோவதுதான் இது. ‘புரள்வு வீதம்’ என்ற தொடரும் ஆயத்தமாகவே இருக்கிறது. ‘சுழற்சி’ அப்படியல்ல, அதற்கு நம் அரசியலில் குறிப்பான பொருள் உண்டு. தேசியப் பட்டியல் ஆசனத்தை (நாடு முழுவதும் பெற்ற வாக்குக்கு ஏற்பக் கட்சிக்குக் கிடைத்து, கட்சியே ஆளை நியமிக்கும் ஆசனம்) சுழற்சி முறையில் ஊருக்கு ஊர் பங்கிடுவது பற்றி எத்தனை தடவை பேசியிருக்கிறோம்! அது கட்சிக்குள் செய்யும் ஏற்பாடு. வாக்காளர் ஆளை மாற்றுவதும் அதுவும் ஒரே சொல்லுக்குள் வரக்கூடாது.

அடுத்தது, புரள்வுக்குள்ளேயே வரும் பிரிவு. 2024 மட்டக்களப்பில் மாறிய நால்வரில் ஸ்ரீநேசனும் ஹிஸ்புல்லாஹ்வும் முன்பே பாராளுமன்றத்தில் இருந்தவர்கள். ஹிஸ்புல்லாஹ் 1989இலேயே போனவர். ஸ்ரீநாத்தும் பிரபுவும்தான் முதல் தடவை நுழைந்தவர்கள். தொடர்பவர் ஒருவர், மீண்டவர் இருவர், புதியவர் இருவர் என்று பிரித்தால்தான் படம் தெளிவாகிறது. புரள்வு நூற்றுக்கு எண்பது, ஆனால் புதுவரவு நூற்றுக்கு நாற்பது. ‘மட்டக்களப்பு பழைய முகங்களைத் துடைத்தெறிந்தது’ என்று யாராவது எழுதினால் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். தொடர்பவர், மீண்டவர், புதியவர் மூன்றுமே வீட்டில் பேசுகிற சொற்கள். இவற்றுக்குப் புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை.

> இதெல்லாம் அமெரிக்க ஆய்வுகளில் இருக்கிறதே, அவர்களுடைய பகுப்பையே மொழிபெயர்த்தால் என்ன?

மொழிபெயர்க்கலாம், ஆனால் நம் கணக்கு அதற்குள் அடங்காது. அங்கே பிரதிநிதிகள் சபைக்குத் தொகுதிக்கு ஓர் உறுப்பினர், இரண்டு வருடத்துக்கு ஒரு தேர்தல். மீண்டும் போட்டியிடும் உறுப்பினர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரளவில் வெல்வது அங்கே வழக்கமாகிவிட்டது. அதனால் அவர்களுடைய கேள்வி ‘ஏன் இவர்கள் தோற்பதில்லை?’ என்பது. நம் மாவட்டங்களில் கேள்வி நேரெதிரானது: ‘ஏன் யாரும் நிலைப்பதில்லை?’

நம்முடைய முறையில் வாக்காளர் முதலில் ஒரு கட்சியின் மாவட்டப் பட்டியலுக்கு வாக்களித்து, பிறகு அந்தப் பட்டியலில் தாம் விரும்பும் ஆட்களுக்கு விருப்பு வாக்கு இடுகிறார். அதனால் ஒருவர் தோற்பதற்கு இரண்டு வாசல்கள் உண்டு. கட்சிக்கு வாக்குக் குறைந்து ஆசனமே இல்லாமல் போவது ஒன்று. கட்சி ஆசனம் எடுத்தும், விருப்பு வாக்கில் தன் பட்டியலிலேயே இன்னொருவரிடம் தோற்பது மற்றது. 2020இல் ஸ்ரீநேசனுக்கு நடந்தது இரண்டாவது. கூட்டமைப்பு இரண்டு ஆசனம் எடுத்தது. அவை சாணக்கியனுக்கும் கருணாகரத்துக்கும் போயின. அவர் எதிர்க்கட்சிக்காரரிடம் தோற்கவில்லை, தன்னோடு ஒரே துண்டுப்பிரசுரத்தில் படம் போட்டவர்களிடம் தோற்றார். வாக்காளர் ‘கட்சி சரி, ஆள் வேண்டாம்’ என்று சொல்ல முடிவது இந்த வாசலால்தான். 1989இலிருந்து பொதுத்தேர்தல்களில் ஆளுக்கு மூன்று விருப்பு வாக்குகள் கையில் இருக்கின்றன. அந்த உரிமையின் முழு வலுவும் இங்கேதான் தெரிகிறது. முதலாவதைப் ‘பட்டியல் தோல்வி’ என்றும் இரண்டாவதைப் ‘பட்டியலுள் தோல்வி’ என்றும் சொல்லலாமா? ஒலியில் நெருக்கமாக இருப்பது எனக்கும் உறுத்துகிறது. இரண்டாவதற்கு ‘விருப்புவாக்குத் தோல்வி’ என்று வைத்தால் குழப்பம் குறையும். எனக்கு அதுவே பிடித்திருக்கிறது.

கல்முனைக் காக்கா திகாமடுல்லவைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தார். ஏழு ஆசனங்கள். 2020இல் தெரிவான ஏழு பேரில் ஒருவர்கூட 2024இல் திரும்பவில்லை. அதாவுல்லாவும் இல்லை, ஹரீஸும் இல்லை, பைசல் காசிமும் இல்லை. புரள்வு வீதம் நூற்றுக்கு நூறு. தேசிய மக்கள் சக்திக்கு நான்கு ஆசனம். தமிழரசுக் கட்சியில் கோடீஸ்வரன், முஸ்லிம் காங்கிரஸில் உதுமாலெப்பை, மக்கள் காங்கிரஸில் தாஹிர். கோடீஸ்வரன் 2015இல் வென்று 2020இல் இழந்தவர், ஆகவே மீண்டவர்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. 2020இல் அம்பாறைத் தமிழர் வாக்குகள் சிதறி, மாவட்டத்தில் தமிழ்ப் பிரதிநிதித்துவமே இல்லாமல் போனது. அந்த இடத்தை நிரப்பத்தான் தமிழரசுக் கட்சி தன் தேசியப் பட்டியல் ஆசனத்தைக் கலையரசனுக்குக் கொடுத்தது. காரைதீவிலும் திருக்கோவிலிலும் இருப்பவர்களுக்கு அந்த நான்கு வருடமும் அவர்தான் ‘நம்ம எம்பி’. புரள்வுக் கணக்கில் அவரைச் சேர்ப்பதா? சேர்க்கக்கூடாது என்பது என் கருத்து. தேசியப் பட்டியலின் 29 பேரும் வாக்காளர் முன் நின்று வந்தவர்கள் அல்லர். மாவட்டங்களின் 196 ஆசனங்களை மட்டும் அடியெண்ணாக (வீதத்தைக் கணக்கிடும் அடிப்படைத் தொகையாக) வைத்தால்தான் புரள்வு வீதம் வாக்காளர் செய்ததை அளக்கும். ஆனால் அப்படி வைக்கும்போது அம்பாறைத் தமிழர் 2020இல் பட்ட இழப்பு எண்ணில் தெரியாமல் போகிறது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

> பழைய காலத்தில் இப்படி இல்லையே, ஒருவர் வந்தால் காலம் முழுக்க இருந்தாரே?

இருந்தார்கள். செல்லையா இராசதுரை 1956இலிருந்து 1989வரை மட்டக்களப்பின் உறுப்பினர். முப்பத்து மூன்று வருடம். 1979இல் ஐக்கிய தேசியக் கட்சிக்கு மாறிய பிறகும் ஆசனம் அவரிடமே இருந்தது. ஆனால் அதன் பிற்பகுதியை மக்கள் செல்வாக்கு என்று மட்டும் வாசிக்கக்கூடாது. 1977இல் தெரிவான பாராளுமன்றத்தின் ஆயுள் 1982 டிசம்பர் 22 சர்வசன வாக்கெடுப்பால் 1989வரை நீட்டப்பட்டது. பன்னிரண்டு வருடம் பொதுத்தேர்தலே இல்லை. தேர்தல் நடந்து ஆள் மாறாதது வேறு, தேர்தல் நடக்காததால் ஆள் மாறாதது வேறு. வீதத்தைக் கணக்கிடுபவர்கள் அந்த நீட்டிப்பைக் குறிப்பில் காட்டாமல் ‘அக்காலத்தில் புரள்வு குறைவு’ என்று எழுதினால், வாக்கு மறுக்கப்பட்ட ஆறு வருடத்தை மக்களின் சம்மதம் என்று எழுதியதாகிவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது, எழுதவே கை கூசுகிறது. ஜோசப் பரராஜசிங்கம் 2004இல் மட்டக்களப்பில் தோற்றுத் தேசியப் பட்டியலில் வந்தவர். 2005 நத்தார் ஆராதனை நேரம் புனித மரியாள் பேராலயத்துக்குள் சுட்டுக் கொல்லப்பட்டார். கொலையால் காலியான ஆசனத்தைப் ‘புரள்வு’ என்ற தலைப்பின் கீழ் மற்றவற்றோடு கூட்டக்கூடாது. நம் வரைவிலக்கணத்தில் ‘வாக்காளர் தீர்ப்பாலோ தாமாக ஒதுங்கியதாலோ’ என்ற தொடர் கட்டாயம் இருக்கவேண்டும். மரணமும் கொலையும் தனி நிரலில் போகட்டும். கிழக்கின் தேர்தல் வரலாற்றை எழுதுபவர்களுக்கு இது சின்ன நுணுக்கம் அல்ல.

இருப்பவர்மேல் வாக்காளருக்கு வரும் எதிர்ப்பைச் சொல்லும் ஆன்டி இன்கம்பன்சிக்கு ‘ஆட்சி எதிர்ப்பலை’ போதும் என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். தமிழ்நாட்டுக்கு அது பொருந்தும், அங்கே அலை ஆளுங்கட்சிமேல் அடிக்கிறது. ஸ்ரீநேசன் ஒருநாளும் அமைச்சராக இருந்ததில்லை, அவரும் 2020இல் தோற்றார். ஆட்சிமேல் உள்ள வெறுப்பால் தோற்கடிப்பது வேறு, இருந்த ஆளைப் பிடிக்காமல் தோற்கடிப்பது வேறு. பின்னதற்கு ‘ஆசனதாரர் எதிர்ப்பு’ என்று சொன்னால் சரியாக இருக்கும். ‘அலை’யை விட்டுவிடலாம், எல்லாத் தோல்வியும் அலையால் வருவதில்லை.

முடிவாகாமல் என் கையில் இருக்கும் கேள்வி ஒன்றுதான். 2020இல் வென்ற நஸீர் அஹமட்டை முஸ்லிம் காங்கிரஸ் கட்சியிலிருந்து நீக்கியது செல்லும் என்று 2023 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் ஆசனத்தை இழந்தார். நம் முறையில் இடைத்தேர்தல் இல்லை. அதே பட்டியலிலிருந்து அலி சாஹிர் மௌலானா வந்தார். 2024 செப்டெம்பரில் சபை கலைந்தபோது ஆசனதாரர் மௌலானா; ஆனால் 2020இல் வாக்காளர் தெரிவுசெய்தது நஸீரை. அடியெண்ணை எந்தப் பெயரிலிருந்து தொடங்குவது? நான் சபை கலையும் நாளை எடுத்துக்கொள்கிறேன். இடையில் வந்தவரை ‘பட்டியல்வழி ஆசனதாரர்’ என்று குறித்துக்கொள்ளலாம். தேர்தல் சட்டம் தெரிந்தவர்கள் குழுமத்தில் இருக்கிறீர்கள். சட்டத்தின் தமிழ்ப் பிரதியில் இப்படி இடையில் வருபவருக்கு ஏற்கெனவே ஒரு சொல் இருந்தால் அதைத் தாருங்கள், என்னுடையதை எடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
மட்டக்களப்பிலிருந்து