ஜீன்ஸ் போட்டால் சான் இல்லையா?

தேன்மொழி:
கடம்பவனம் ஐயா நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. ஆப்பிரிக்காவின் தெற்கே கலஹாரிப் பாலைவனத்தில், வேட்டையாடி வாழ்ந்துவந்த சான் பழங்குடியைச் சேர்ந்த ஒரு பையன், பெண்கள் கைதட்டிப் பாட, ஆண்கள் நெருப்பைச் சுற்றி ஆடுவதை ஃபோனில் எடுத்து இணையத்தில் போட்டிருந்தான். அதைப் பார்த்துவிட்டு ஐயா எழுதியது இது: "ஆடுகிறவன் ஜீன்ஸ் போட்டிருக்கிறான். இவனா சான்? இணையம் வந்த அன்றைக்கே அவர்கள் பண்பாடு முடிந்தது." எந்த உரிமையில் இதைச் சொல்கிறீர்கள்?

கடம்பவனம்:
உரிமை எதற்கு? கண் இருக்கிறது, பார்த்தேன். நீல ஜீன்ஸ், முழங்காலில் கிழிசல்.

தேன்மொழி:
ஜீன்ஸ் தெரிந்த கண்ணுக்கு அதன் மேல் சுற்றியிருந்தது தெரியவில்லையா? அந்துப்பூச்சிக் கூடுகளைப் பொறுக்கி, உள்ளே பொடிக்கற்களைப் போட்டு, கயிற்றில் கோத்த சலங்கை அது. அவன் காலை ஊன்றும்போதெல்லாம் மழை பெய்கிற மாதிரி சத்தம் வருகிறது. சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தீர்களா?

தோலாடைதான் வேண்டுமென்றால் நமீபியாவில் கிராஸ்ஹூக் என்ற ஊருக்குப் போங்கள். அங்கே சான் மக்களே 2004 முதல், பழைய வாழ்க்கையைச் செய்து காட்டும் "வாழும் அருங்காட்சியகம்" நடத்துகிறார்கள். சுற்றுலாக்காரர்கள் வந்தால் தோலாடை, அவர்கள் போனதும் சட்டையும் கால்சட்டையும். எது வேலைக்கான உடுப்பு, எது வீட்டு உடுப்பு என்று அவர்களுக்குத் தெரியும்.

கடம்பவனம்:
ஆக, தோலாடை வேஷம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். நன்றி.

ரயிலடி ராஜா:
ஜீன்ஸை விடுங்கள். இதைப் போட்ட இணையக் கணக்கு யாருடையது என்று கேளுங்கள். புதருக்கு நடுவில் டவர் ஏது? லண்டனில் உட்கார்ந்திருக்கும் தொண்டு நிறுவனம் ஆங்கிலத்தில் எழுதுவதை "சான் குரல்" என்று நீங்கள் பகிர்கிறீர்கள். போன மாசம் யானைத் தந்தம் பற்றிய இழையிலும் இதையே கேட்டேன். தேன்மொழி அம்மா பதில் சொல்லாமலே போய்விட்டார்.

தேன்மொழி:
அன்றைக்கு என் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை ராஜா, அதையும் அங்கேயே எழுதியிருந்தேன். அவர்கள் குரல் வெளியே கேட்காவிட்டால் என்ன ஆகும் என்று இப்போது சொல்கிறேன், கேளுங்கள்.

ஹூடியா என்று ஒரு கள்ளிச் செடி. வேட்டைக்குப் போகும்போது பசி தெரியாமல் இருக்கச் சான் மக்கள் அதை மென்றார்கள். தென்னாப்பிரிக்க அரசு ஆய்வு நிறுவனம் அதற்குக் காப்புரிமை எடுத்து, 1997 இல் ஒரு பிரிட்டிஷ் கம்பெனிக்கு உரிமம் கொடுத்தது. விஷயம் 2001 இல் வெளியே வந்தபோது அந்தக் கம்பெனி என்ன சொன்னது தெரியுமா? அந்தச் செடியை அறிந்திருந்த மக்கள் அழிந்துபோனதாக நினைத்திருந்தார்களாம்! உயிரோடு இருக்கிற ஒரு லட்சம் பேரை! வழக்கறிஞர்களோடு போய் உட்கார்ந்து பேசி, 2003 இல்தான் வருமானத்தில் பங்கு என்று ஒப்பந்தமானது. அன்றைக்கு இந்தப் பையனைப் போல நூறு பேர் கையில் ஃபோன் இருந்திருந்தால் "அழிந்துபோனார்கள்" என்று வாய் வந்திருக்குமா?

செந்தமிழ்ச் செழியன்:
நல்ல தகவல். ஆனால் "கலஹாரி", "கிராஸ்ஹூக்" என்று கிரந்தம் போட்டுத்தான் எழுத வேண்டுமா? களகாரி என்றே எழுதலாமே.

ரயிலடி ராஜா:
உங்கள் பெயரில் இருக்கிற செழிப்பு அறிவில் இல்லையே செழியன். களகாரி என்றால் எந்த ஊர்க்காரனுக்குப் புரியும்?

செந்தமிழ்ச் செழியன்:
தமிழ் படித்தவனுக்குப் புரியும். உங்களைக் கணக்கில் சேர்க்கவில்லை.

கடம்பவனம்:
எழுத்தென்றதும் நினைவு வருகிறது. அவர்கள் பெயருக்கு முன்னால் ஆச்சரியக்குறி போடுகிறார்கள். எழுத்தே இல்லாத மொழிக்கு இணையம் எதற்கு? அதற்கு மேலே ஜீன்ஸ் வேறு.

தேன்மொழி:
அது ஆச்சரியக்குறி இல்லை ஐயா, ஒரு மெய்யெழுத்து. நாக்கை அண்ணத்தில் ஒட்டி வெடுக்கென்று இழுத்தால் வரும் ஒலி. பாவமே என்று நாம் உச்சுக் கொட்டுகிறோமே, அந்த ஒலிக்கும் அவர்களுக்கு ஓர் எழுத்து உண்டு, நேர்க்கோடு மாதிரி. மாட்டை ஓட்டும்போது கன்னத்தோரம் சொடுக்குகிறோமே, அதற்கும் உண்டு. உங்கள் தாத்தா ஏர் ஓட்டியிருந்தால் பாதி எழுத்து உங்களுக்கே தெரியும். தென்னாப்பிரிக்காவின் அப்பிங்டன் ஊரில் கத்ரினா எசாவ் என்ற சான் மூதாட்டி, தன் தாய்மொழியைப் பேச ஆளில்லாமல் போகிறதே என்று வீட்டிலேயே பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக்கொடுத்தார். இந்த ஒலியை ஏட்டில் எழுதி எவ்வளவு விளக்குவது? பதிவு செய்து போட்டால் பேரப்பிள்ளை காதால் கேட்டுப் பழகும்.

மீனா சுரேஷ்:
எனக்கு வேறு கவலை அக்கா. அந்தப் பையன் எடுத்துப் போட்டது நோய் தீர்க்கும் ஆட்டம். ஆடுகிறவர் மயங்கி விழுகிறார், முகம் அருகில் தெரிகிறது. அவரைக் கேட்டுத்தான் போட்டார்களா?

தேன்மொழி:
கேட்கவேண்டிய கேள்வி மீனா. நமீபியாவைச் சேர்ந்த நான்கு முதியவர்களின் மரபணு ஆய்வு 2010 இல் வெளியானபோது, எங்கள் அமைப்புகளை ஏன் கேட்கவில்லை என்று சான் தலைவர்கள் கண்டித்தார்கள். 2017 இல் ஆய்வாளர்களுக்கென்று அவர்களே ஒரு நெறிமுறை வெளியிட்டார்கள்: மரியாதை, நேர்மை, நியாயம், அக்கறை, முறைப்படி அனுமதி. அந்தப் பையன் கேட்டானா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவன் கேட்கவில்லை என்றால் திட்டுவதற்கு அவன் பாட்டி இருக்கிறாள். வெளியூர்க்காரன் கேமராவோடு வந்தால் யார் திட்டுவது?

ரயிலடி ராஜா:
பாட்டி கதையெல்லாம் சரி. கணக்கு யாருடையது?

தேன்மொழி:
போட்ஸ்வானா நீதிமன்றத்தில் வழக்குப் போட்டதும் லண்டன் கணக்கா? மத்தியக் கலஹாரி வனவிலங்குக் காப்பகத்திலிருந்து சான் மக்களை 1997 இலும் 2002 இலும் அரசு வெளியேற்றியது, ஆழ்துளைக் கிணற்றையும் மூடியது. 2006 டிசம்பரில் அந்த மக்கள் திரும்பிப்போகும் உரிமையை வென்றார்கள். தண்ணீருக்கு 2011 வரை இன்னொரு வழக்கு. வென்ற பிறகும், வழக்கில் பெயர் இருந்தவர்கள் மட்டும் தாராளமாக உள்ளே போகலாம், மற்றவர்கள் அனுமதிச் சீட்டு வாங்கவேண்டும் என்றது அரசு. அப்பா வீட்டுக்குப் போக மகனுக்குச் சீட்டு! இதை அந்த மகன் எந்த உடுப்பில் நின்று சொன்னால் ஒப்புக்கொள்வீர்கள்?

கடம்பவனம்:
இவ்வளவு நீளமாக எழுதினீர்கள். கிழிந்த ஜீன்ஸ் சான் பண்பாடா, இல்லையா? ஒரு வரி.

செந்தமிழ்ச் செழியன்:
"ஜீன்ஸ்" என்பதிலும் கிரந்தம் இருக்கிறது.

தேன்மொழி:
ஐயா, உங்கள் படத்தில் நீங்கள் போட்டிருப்பது என்ன? பெரிதாக்கிப் பார்த்துவிட்டு வாருங்கள், நான் இங்கேதான் இருப்பேன்.

கடம்பவனம்:
தனிநபர் தாக்குதல். நெறியாளர் கவனிக்கவும்.