லுகாஃபெரிசிஸ்: நோயாளி என்ன தெரிஞ்சுக்கணும்?

கேள்வி: ஏ.எம்.எல். ரத்தப் புற்றுநோய். வெள்ளையணு ஒரு மைக்ரோலிட்டருக்கு 1,80,000. இன்னைக்கே லுகாஃபெரிசிஸ்னு சொல்றாங்க. டயாலிசிஸ் மாதிரியா? இதோட நோய் போயிடுமா?

பதில் 1: பார்க்க டயாலிசிஸ் மாதிரிதாங்க இருக்கும். ஆனா லுகாஃபெரிசிஸ்னா, ரத்தத்தில் அதிகமா இருக்கிற வெள்ளையணுவை மெஷின் வச்சுப் பிரிச்சு எடுக்கிறது. மரத்துப்போக ஊசி போட்டு, கழுத்திலோ தொடை இடுக்கிலோ இரட்டைக் குழாய் கதீட்டர் வைப்பாங்க. மெஷினுக்குள்ள ரத்தம் வேகமா சுழலும். கீழே சிவப்பணு, மேலே பிளாஸ்மா, நடுவில் வெள்ளையணு இருக்கிற வெளிறிய மெல்லிய அடுக்கு. அந்த நடு அடுக்கை மட்டும் பைக்கு இழுத்துட்டு மீதியைத் திருப்பி உடம்புக்கே அனுப்பும். ஒரு சுற்று 2-3 மணி நேரம்.

பதில் 2: உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் சுருசுருன்னு வந்தா உடனே நர்ஸ்கிட்ட சொல்லுங்க. ரத்தம் உறையாம இருக்கச் சேர்க்கிற சிட்ரேட், கால்சியத்தைப் பிடிச்சுக்கும். வேகத்தைக் குறைச்சு கால்சியம் கொடுத்தா சரியாகும். பொறுத்துக்கிட்டே இருந்தா தசை இழுக்கும், இதயத் துடிப்பே தடுமாறலாம். தயவுசெய்து அடக்கிக்காதீங்க.

பதில் 3: நோய் போகாது. ஒரு சுற்றில் வெள்ளையணு பெரும்பாலும் 30-60% குறையும். எலும்பு மஜ்ஜை மறுபடி உற்பத்தி பண்ணிடும். அதனால கீமோ தள்ளிப்போகக் கூடாது. ஹீமோகுளோபின் கம்மின்னு முன்கூட்டியே ரத்தம் ஏத்தச் சொல்லி வற்புறுத்தாதீங்க, ரத்தம் இன்னும் கெட்டியாகும். ஏ.எம்.எல்.லிலேயே ஏ.பி.எல்.ங்கிற வகைன்னா பொதுவா இதைத் தவிர்ப்பாங்க, ரத்தக்கசிவு ஆபத்து அதிகம். ரத்தம் உறைய உதவுற தட்டணுவும் இறங்கும், கதீட்டர் எடுக்கும் முன் அந்த எண்ணிக்கையைக் கேளுங்க.